சும்மா இருக்கும்போது இரையாத ஸ்பீக்கர்

காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துவது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் மூலப்படியை உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சுப்படியில் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே போவார். நாள், திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், அரசு விடுமுறை. ஒரு கட்டம் தவறினால் ஊரெல்லாம் ஒரு வருஷத்துக்கு அந்தத் தவறு ஆணியில் தொங்கும். சிவகாசியில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு வாசித்துக்காட்டியவர் ஒரே ஆள். போன சித்திரையில் அவர் மகளோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றவன்தான். ஆனால் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அதற்காக வைகாசியிலிருந்தே வேலை குவியும். அந்தச் சீசனில் அச்சகத்தார் வேலையை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்கள். வாசிக்க ஆள் இல்லை. அதனால் கம்ப்யூட்டரையே வாசிக்க வைத்தேன். தட்டச்சு செய்ததை அது ஒரு பெண் குரலில் தமிழில் படிக்கும். நான் மூலப்படியைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

என் கம்ப்யூட்டர் பழைய மேசைக் கம்ப்யூட்டர். அதற்கென்று வாய் கிடையாது. முதலில் மகனுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். அந்த விலைக்கு அதைவிடத் தெளிவாக எதுவும் கேட்காது. ஆனால் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பின்கட்டிலிருந்து வந்து தோளைத் தட்டுவாள். என்ன என்று கழற்றினால் ஒன்றுமில்லை என்பாள். இரண்டாம் வாரம், "காத அடைச்சுக்கிட்டு உக்காராதீக" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இடது காது சில வருஷங்களாகவே மந்தம். அதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆக, ஸ்பீக்கர் வாங்குவதென்று முடிவாயிற்று. எதையும் படித்துப் பார்க்காமல் வாங்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனி மாதம் முழுவதும் ஸ்பீக்கரைப் பற்றியே படித்தேன். பெட்டியின் மேல் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பக்கூடாது என்பது முதலில் தெரிந்துகொண்டது. ஒரு நொடி தாங்கக்கூடிய உச்சத்தை முன்பக்கம் கொட்டை எழுத்தில் போடுவார்கள். தொடர்ந்து தரக்கூடியதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுவார்கள். அச்சில் இருப்பதைச் சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. இதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஒதுக்கும் பணத்தில் மூன்று பெட்டி செட் வாங்கினால், கீழே வைக்கும் பெரிய பெட்டி பாதிப் பணத்தை விழுங்கிவிடும். மேலே இருக்கும் இரண்டும் தகரக் குரலில் பேசும். பேச்சைக் கேட்க இரண்டு பெட்டி போதும். பிளாஸ்டிக்கைவிட மரத்தூள் பலகையில் செய்த கூடு நல்லது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் முன்பக்கம் இருக்கவேண்டும். இவ்வளவும் முடிவு செய்துகொண்டேன். ஆனால் காதால் கேட்காமல் வாங்குவதில்லை என்றிருந்தேன். விருதுநகர் பஜாரில் ஒரு கடையில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டித் தருவார்கள் என்று மகன் சொன்னான்.

மகனைப் பற்றிச் சொல்லவேண்டும். வேதியியல் படித்துவிட்டு நாரணாபுரத்துக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறான். மருந்து கலக்கும் அறைகள் அவன் பொறுப்பு. காலையில் கம்பெனி வேன் வரும், பொழுது சாயக் கொண்டுவந்து விடும். உள்ளே போன் கொண்டுபோகக்கூடாது. வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேறு வேலை பார்க்கச் சொல்லி நான் பேசாத மாதம் இல்லை. இந்தச் சீசன் முடியட்டும் என்பான். போன சீசனிலும் அதையே சொன்னான்.

ஆடி பிறந்து சில நாளில் வானம் மூடிக்கொண்டது. மேகம் போட்டால் மருந்து வேலை நடக்காது, கம்பெனிக்கு லீவு. அன்றைக்கே போய் வந்துவிடலாம் என்று மகன் பைக்கில் முன்னால் போனான். நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். அவள் எதற்கு வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஸ்பீக்கர் விஷயத்தில் அவளுக்கு என்ன அக்கறை? பருப்பு வாங்கவேண்டும் என்றாள்.

எல்லோரும் சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் ஸ்பீக்கர் பார்ப்பார்கள். நான் கம்ப்யூட்டர் குரலில் ஒரு மாதத்துக் காலண்டரைப் பதிவு செய்து பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அஷ்டமியும் நவமியும் கரிநாளும் கடை முழுக்க ஒலித்தன. கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பாட்டுக் கேக்க வாங்குறீகளா, பொண்ணு பாக்க நாள் குறிக்கிறீகளா?" என்றார். மகனுக்கு என்னோடு நிற்கவே கூச்சமாக இருந்திருக்கும். எட்டப் போய், தரையில் இருந்த மூன்று பெட்டி செட் ஒன்றைக் காட்டி அதைப் போடச் சொன்னான். தன் காசில் எனக்கு அதை வாங்கித்தருவதாகவும் சொன்னான். அந்த ஆசையை என்னால் குறை சொல்லமுடியாது.

கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டுப் பெரிய பெட்டியின் குமிழைத் திருகினார். 'தும்' என்று ஒன்று விழுந்தது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையிலிருந்த மூடியை அப்படியே வைத்துவிட்டுக் கடை வாசலுக்குப் போனார். மேற்கே, சிவகாசிப் பக்கம், வானத்தைப் பார்த்தார். போனை எடுத்துவிட்டார். வெளியே வத்தல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்த்தது எனக்குத் தெரிந்தது. கடைக்காரர் உடனே சத்தத்தைக் குறைத்து, ஒன்றுமில்லை, ஸ்பீக்கர்தான் என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். ஆனால் மிக்ஸி வாங்கவில்லை. கடையில் அசையாமல் நின்றது என் மகன் மட்டும்தான்.

"இது பொட்டு வெடிக்குக்கூடக் காணாதுக்கா" என்றான் அந்த அம்மாவிடம்.

மனைவி அதுவரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, அந்தப் பெரிய பெட்டி வேண்டாம் என்றாள். அப்பாவுக்குக் காது மந்தம், நல்லா இடிக்கிறதாகத்தான் வேண்டும் என்று மகன் வாதாடினான். அவள் கேட்கவில்லை. நான் ஒதுக்கி வைத்திருந்த மூன்று ஜோடிச் சின்னப் பெட்டிகளின் அருகே போனாள்.

"தம்பி, பாட்ட நிறுத்துங்க. ஃபேனையும் செத்த நிறுத்துறீகளா?"

"எதுக்கும்மா?"

"சும்மா இருக்கையில என்ன செய்யுதுன்னு பாக்கணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மகனைப் பார்த்தேன். ஃபேன் நின்றது. ஒவ்வொரு ஜோடிக்கும் மின்சாரம் கொடுத்து, எதுவும் ஒலிக்காமல் வைக்கச் சொல்லி, பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். தனி அடாப்டரில் ஓடிய முதல் ஜோடி 'ங்' என்று இரைகிறது என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் குனிந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றான். இரண்டாவதில் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு. மூன்றாவது, கம்ப்யூட்டரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சாதாரண மரப்பெட்டி. அதன் மேல் நெடுநேரம் காதை வைத்திருந்தாள். அதையே கட்டச் சொன்னாள். நான் ஒரு மாதம் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தச் சோதனையைப் பார்த்த ஞாபகம் இல்லை. நல்ல தேர்வு என்று கடைக்காரரும் சொன்னார். மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டான். பருப்பு வாங்கவேயில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டேன். வீட்டில் ஸ்பீக்கர் லேசாக இரைந்தால்தான் என்ன? அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். காலையில் வேன் போனதிலிருந்து அது திரும்பி வரும்வரை அவள் மிக்ஸி போடுவதில்லையாம். குழாயைப் பெரிதாகத் திறப்பதில்லையாம். டிவியை ஊமையாக வைத்துத்தான் பார்ப்பாளாம். மத்தியானம் கம்பெனிகளில் மாதிரிக்கு வெடித்துப் பார்க்கும் சத்தம் அவளுக்கு வேறாகத் தெரியும். அது காற்றில் வரும். மற்றது தரையில் வரும். நான் ஹெட்போனை மாட்டினால் வீட்டில் கேட்கிற காது ஒன்றுதான் மிச்சம். அவள் குளிக்கப் போனால் அதுவும் இல்லை. அதற்காகத்தான் தோளைத் தட்டியிருக்கிறாள்.

நான் படித்தவன் பேசுகிற மாதிரிப் பேசினேன். இப்போதெல்லாம் எது நடந்தாலும் உடனே போனில் வந்துவிடுகிறதே, காதை வைத்துக்கொண்டு காத்திருப்பதால் ஆவதென்ன என்றேன்.

"வாட்ஸ்அப்புல வந்தா பேரோடதானங்க வரும்" என்றாள். "சத்தம் மொதல்ல காதுல விழுந்தா, பேரு வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கெடைக்கும்ல."

"அந்த நேரத்துல என்ன செய்வ?"

"என்ன செய்வேன். அவன் நல்லாயிருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருப்பேன். அம்புட்டுதான்."

ஆமத்தூர் தாண்டிய பிறகு, இதை அவனிடம் சொல்லிவிடவேண்டாம் என்றாள். மருந்து தொடுகிற கை. வீட்டு நினைப்பு குறுக்கே வந்துவிடக்கூடாது.

ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது. எழுத்து எழுத்தாகக் கேட்டது. கம்ப்யூட்டரின் இரண்டு பக்கமும் தள்ளி வைத்து, என் வலது காதுப் பக்கம் இருந்ததைச் சற்று முன்னால் இழுத்து வைத்தேன். பேச்சுக்கு நடுவே தெருவில் சைக்கிள் மணி கேட்டது, குருவி கேட்டது. அதனால் எல்லாமே கேட்கும் என்று நம்பினேன். ஆனால் வேலை மும்முரத்தில் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மந்தக் காது உள்ளவனுக்கு அது தெரியாது.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, முற்பகல். கார்த்திகை மாதத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஈரக்கையோடு அறைக்குள் வந்தாள். துணி துவைத்த சோப்பு நுரை முழங்கைவரை இருந்தது. நேராக வந்து குமிழைத் திருப்பி அணைத்தாள்.

"கேக்கலையா உங்களுக்கு?"

எனக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாடிக்குப் போனோம். பக்கத்து வீடுகளின் மாடிகளிலும் ஆட்கள் நின்றார்கள். நாரணாபுரம் பக்கம், பனைகளுக்கு மேலே, வெள்ளையாகத் தொடங்கி மேலே போகப் போகக் கறுத்த புகை. அவன் கம்பெனி இருக்கும் திசைதான். ஆனால் அந்தத் திசையில் கம்பெனிகள் ஒன்றா இரண்டா. அவன் எண்ணுக்கு அடித்தேன். வாசலில் வைத்திருக்கும் போன் மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தேன். அவள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுரை கையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. பேர் வருவதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் இருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் அதில் இல்லை. எனக்கு முன்னறிவிப்பே கிடைக்கவில்லை.

கம்பெனிப் பெயர் போனில் வந்தது. அவனுடையது இல்லை. அவனுடையதற்கு இரண்டு கம்பெனி தள்ளி. கொஞ்ச நேரத்தில் வாசல் காவலாளியின் போனிலிருந்து அவனே பேசினான். எல்லோரையும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்றான். "நாங்க இல்லப்பா" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டு நான் ஆசுவாசப்பட்டேன். எவ்வளவு ஆசுவாசப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பேர் என்று அவள் கேட்கவில்லை.

"அந்தக் கம்பெனியில இருந்தவன் வீட்டுக்காரி அந்நேரம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்திருப்பா?" என்றாள். "மிக்ஸி போட்டுக்கிட்டு இருந்திருப்பாளோ?"

அன்றைக்குத் துணி வாளியிலேயே கிடந்தது. மகன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். சாப்பிட்டான். மறுநாள் கம்பெனி லீவு. அதற்கடுத்த வாரம் வேன் வந்தது, ஏறிப் போனான். போகாதே என்று வாசலில் நின்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சொல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான்.

அன்றிலிருந்து பகலில் நான் ஸ்பீக்கரைத் தொடுவதில்லை. மூலப்படியையும் அச்சுப்படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே பார்க்கிறேன். அது பாதி வேலைதான். கண் தனக்குப் பழகியதைத்தான் பார்க்கும், தவறியதை விட்டுவிடும். காதால் சரிபார்க்கும் வேலையை எல்லாம் பொழுது சாய்ந்த நேரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். அச்சகத்தில் இருந்து ஏன் தாமதம் என்று கேட்டால் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறேன். பகல் நேரத்தில் வலது காதைத் தெருப் பக்கம் வைத்து உட்காரப் பழகிவிட்டேன். அவள் குளிக்கப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள்.

வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் மிக்ஸியைப் போடுவாள். அரைக்க வேண்டியது அத்தனையும் அப்போதுதான் அரைபடும். குழாய் முழுதாகத் திறக்கும். டிவியில் யாரோ அழுவார்கள். நான் ஸ்பீக்கரைப் போடுவேன். கம்ப்யூட்டர் சுக்கில பட்சம், கிருஷ்ண பட்சம் என்று ஆரம்பிக்கும்.

போன வாரம் மகன் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு அலுத்துக்கொண்டான். "பகல் பூராம் என்னதான் செய்வீக ரெண்டு பேரும்? நான் வந்தாத்தான் இந்த வீட்டுல எல்லாம் அலற ஆரம்பிக்குது."

"பகல்ல கரண்டு இல்லலே" என்றாள் மனைவி.

"எங்க கம்பெனிப் பக்கம் இருந்துச்சே."

அவள் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். போதும் என்று கையைக் குறுக்கே வைத்தான். மருந்து ஏறி நகக்கண் எல்லாம் வெள்ளி நிறமாக இருந்தது. நான் குமிழைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.