இடது முன்சக்கரத்துச் சத்தம்

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு நல்ல வேலை இருந்தது. கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் ஒரு வாடகைக் காரும் வைத்திருந்தார். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும் கார் அது. நானும் என் மனைவியின் அண்ணனும் அதை மாற்றி மாற்றி ஓட்டினோம். விடியற்காலையிலிருந்து மதியம் வரை மச்சான், அதற்குப் பிறகு நான். இரண்டு குடும்பமும் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். முதலாளியிடம் எனக்காகப் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மச்சான்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் மறுத்துப் பேசியதில்லை.

சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது ஒரு திங்கட்கிழமை மதியம். ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து ஏறினேன். இடது முன்சக்கரத்துப் பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கனமான பெட்டியை யாரோ தரையில் வைத்ததுபோல இருந்தது. பின்னால் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் அது கால் வழியாக ஏறி வந்தது. பெட்டாலிங் தாண்டிக் குழிகள் வந்தபோது மறுபடியும் கேட்டது. நல்ல ரோட்டில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காரை வாங்கும்போது மச்சானிடம் சொன்னேன்.

"இடது பக்கம் முன்னால ஏதோ தட்டுது மச்சான். உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஸ்பிரிங் கட்டையில கிரீஸ் காஞ்சிருக்கும் மாப்பிள்ளை. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் சொன்னபடி கிரீஸ் போட்டார். சத்தம் போகவில்லை. மட்கார்டு போல்ட்டுகளை நான் ஒவ்வொன்றாக இறுக்கினேன். பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. சக்கரம் திரும்பும் இடத்தில் நிற்கும் கிங் பின் தேய்ந்தால் அப்படி ஆடும். "அதேதான், வேற என்ன" என்று மச்சான் உடனே ஒத்துக்கொண்டார். முதலாளியிடம் அவரே பேசி, கிள்ளானில் ஒரு பட்டறையில் கிங் பின் மாற்றவும் ஏற்பாடு செய்தார். புதுப் பின் போட்டு நான் ஓட்டிய முதல் மதியமே, அதே ரயில் பாதையில், அதே டொக்.

அதற்கப்புறம் எனக்குச் சந்தேகம் என் காது மேலேயே வந்துவிட்டது. மச்சான் ஓட்டும்போது சத்தமே வரவில்லை என்று சாதித்தார். முதலாளி ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்தார், அன்று பார்த்து அது வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. "என்னங்க, காது வலிக்குதா?" என்று மனைவி கேட்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள். தாய், தகப்பன், பிறந்து ஐந்தாறு நாளான குழந்தை. பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் ஒரு இறக்கத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. பிரேக்கை அழுத்தினேன். டொக் என்று பலமாக ஒரு அடி, உடனே ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் ஓடியது. வாய்க்கால் ஓரத்துப் புல்லில் சக்கரம் ஏறி நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் கவிழ்ந்திருப்போம். குழந்தை விழிக்கக்கூட இல்லை. அந்தத் தகப்பன், "மாடு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அவர்களைக் கிள்ளானில் இறக்கிவிட்டு, வேறு ஆள் ஏற்றாமல் நடைவேகத்தில் காரைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஆற்றுப் பக்கமாக ஒரு சீனர் பட்டறை வைத்திருந்தார். சீன முதலாளிகளைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். லோரிகள்தான் அங்கே அதிகம் வரும். மச்சான் அந்தப் பட்டறைக்கு எப்போதும் போகமாட்டார், அதிகம் பேசுகிற ஆள் என்பார். மறுநாள் காலை மச்சானிடம் காரைக் கொடுக்காமல் நானே அங்கே கொண்டுபோனேன். "சும்மா எதுக்கு அலையறே" என்றார் மச்சான். அவர் முகம் சரியில்லை. தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தவுக்கே அதிகம் பேசவே இல்லை. காரில் ஏறி முன்னால் பத்தடி ஓட்டிப் பிரேக் போட்டார். ஒரு டொக். பின்னால் பத்தடி ஓட்டிப் பிரேக் போட்டார். இன்னொரு டொக். இறங்கி வந்து, கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற பாசார் மலாயில் எனக்கு விளக்கினார்: கிங் பின் இப்படிச் செய்யாது. மேலும் கீழும் ஆடுகிற சாமானும் இல்லை. ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகருகிறது.

பிறகு ஒரு நூல்கயிறு எடுத்துவந்தார். வலது முன்சக்கரத்தின் நடுவிலிருந்து வலது பின்சக்கரத்தின் நடுவுக்குக் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே கயிற்றை இடது பக்கம் கொண்டுவந்து பிடித்தோம். கயிறு தொய்ந்தது. ஒரு விரல் அகலத்துக்கு இடது பக்கம் குறைவு. முன்னச்சு அந்தப் பக்கம் பின்னால் தள்ளிப் போயிருக்கிறது.

அடியில் படுத்துப் பார்த்தோம். ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டுவதற்குப் பக்கத்துக்கு இரண்டு வளைந்த போல்ட்டுகள் உண்டு. தவுக்கே அந்த நான்கையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். மூன்றைத் தொட்டு "லாமா" என்றார், பழசு. நான்காவது இடது பக்கத்தது. அதைத் தொட்டு "பாரு" என்றார். மலாயில் அது புதுசு என்று அர்த்தம். கம்பெனிச் சாமானும் இல்லை, கொல்லன் உலையில் வளைத்த கம்பி. சேற்றைப் பூசி மறைத்திருந்தது. அதைக் கழற்றியதும் பட்டைகளுக்கு நடுவே அச்சில் போய் உட்காரும் போல்ட் வெளியே வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு பெரிய ஆணி. ரயில்பாதைக் கட்டையில் அடிப்பது மாதிரி தடித்த ஆணியை வெட்டிச் செருகியிருந்தார்கள். ஓட்டையை அது நிரப்பவில்லை. அந்த இடைவெளியில்தான் அச்சு முன்னும் பின்னும் போய் இடித்துக்கொண்டிருந்தது.

தவுக்கே ஆணியை என் உள்ளங்கையில் வைத்தார். "இது தானா உடையலை. எங்கேயோ பலமா மோதியிருக்கு. யாரோ அவசரத்துக்குக் கட்டி விட்டிருக்காங்க" என்றார். பிறகு, "இந்தக் காரை எத்தனை பேர் ஓட்டறீங்க?" என்று கேட்டார்.

இரண்டு பேர் என்று சொன்னேன்.

அவர் சரியான போல்ட் போட்டு, அச்சை இருந்த இடத்துக்கு இழுத்துக் கட்டிக் கொடுத்தார். அன்று மதியம் ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. கேட்கக்கூடாதா என்று மனசு ஏங்கியது. கேட்டிருந்தால் இது வேறு ஏதோ கோளாறு என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கலாம்.

மச்சானிடம் கேட்காமல் மூன்று நாள் ஓட்டினேன். ஆணி என் சட்டைப் பையில் இருந்தது. துவைக்க எடுத்தபோது மனைவி அதைக் கண்டுபிடித்தாள். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"கேளுங்க. என்ன சொன்னாலும் எனக்கும் சொல்லுங்க. எங்க அண்ணன்னு பாத்து மூடி வைக்க வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து சட்டை துவைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் துவைக்கிற கல்லின் மேல் ஆணியை வைத்தேன். அதைப் பார்த்தவர் சோப்பைக் கீழே வைத்தார். தண்ணீரை நிறுத்தவில்லை.

"எங்க எடுத்தே?"

"ஆத்துப் பக்கத்துத் தவுக்கே எடுத்துக் குடுத்தார். என்ன நடந்துச்சு மச்சான்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். சத்தம் ஆரம்பித்த அந்தத் திங்கட்கிழமை விடிந்த நேரம். நல்ல மழை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெறும் காரோடு கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். பத்து தீகாவுக்கு முன்னால் ஒரு வளைவில் ஒரு பால்காரர் சைக்கிளில் போனார். ஒதுங்கிப் போக முயன்றும் சைக்கிளின் பின்சக்கரத்தில் இடித்துவிட்டது. கார் வாய்க்காலில் இறங்கி மதகுக் கல்லில் மோதி நின்றது.

"பால் டின்னு ரெண்டும் கவுந்து மழைத்தண்ணியோட ரோடு முழுக்க வெள்ளையா ஓடுச்சு. அந்த ஆளு காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. உயிரோடதான் இருந்தாரு மாப்பிள்ளை. என்னைப் பாத்தாரு. தோட்டத்து லய வீடுங்க பக்கமிருந்து யாரோ ஓடி வர்றது தெரிஞ்சுது. நான் காரை ரிவர்ஸ் எடுத்து ரோட்டுல ஏத்திக்கிட்டு வந்துட்டேன்."

"வந்துட்டீங்க."

"லைசென்ஸ் போயிடும்னு பயம். நாலு புள்ளைங்க இருக்கு."

சுங்கை வே பக்கம் ஒரு கொல்லரிடம் போய் அந்தக் கம்பியையும் ஆணியையும் போட்டுக் கட்டிக்கொண்டு, மதியம் வழக்கம்போல என் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார். கிரீஸ், கிங் பின் என்று அவர் காட்டிய அக்கறையெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்தக் குழந்தையைப் பற்றி அவரிடம் சொன்னேன். புல்லில் ஏறி நின்றதை, ஒரு முழம்தான் மிச்சம் இருந்ததைச் சொன்னேன். பால்காரரைப் பற்றிச் சொன்னபோது அழாதவர் அதைக் கேட்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அன்று பகலே இருவரும் பத்து தீகாவுக்குப் போனோம். காரில் போக மச்சான் மறுத்துவிட்டார், ரயிலில் போனோம். விசாரித்ததில் மாட்டுக்கொட்டகை எளிதில் தெரிந்தது. பால்காரரின் மனைவி சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்து, கணவர் கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். நாங்கள் யாரென்று கேட்கவில்லை. தெரிந்தவர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, "மழையில எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார். எங்களை உட்காரச் சொல்லி ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தார். மச்சான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

ஆஸ்பத்திரியில் பால்காரர் காலை மரச்சட்டத்தில் கட்டிப் படுத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். மச்சான் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பேச வாயெடுப்பதற்குள் பால்காரரே சொன்னார்:

"வந்துட்டியா. உன் முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மச்சான் கைகூப்பினார்.

"போலீஸ்ல கேட்டாங்க, முகம் பாத்தியான்னு. பாக்கலைன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை. நீ திரும்பிப் பாத்தியே, காரை ஒதுக்கி நிறுத்திட்டு வருவேன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் நினைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"மன்னிச்சிருங்க அண்ணே."

"அதை விடு. மாட்டுக்குப் புல்லறுக்க ஆளில்லை. என் பொண்டாட்டி ஒருத்தி எத்தனையைப் பாப்பா?"

அதற்கு மேல் அவர் எங்களோடு பேசவில்லை, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மச்சான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். நான் வாசலில் நின்றேன். பிறகு என்னையும் கூப்பிட்டு, எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்கள். இன்றுதான் என்றேன். மச்சான் என்னைப் பார்த்தார். மூன்று நாள் ஆணியைப் பையில் வைத்திருந்தேன் என்பது அவருக்கும் தெரியும், குழாயடியில் நானே சொல்லியிருந்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பொய்யை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "அண்ணனுக்கு அது தெரியுமில்ல, அது போதும்" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மச்சானின் லைசென்ஸ் போனது. சில வாரம் உள்ளேயும் இருந்தார். முதலாளி காரை என்னிடமே விட்டுவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அவரே வந்து அடியில் குனிந்து பார்ப்பார். அன்று காரில் வந்த கைக்குழந்தைக் குடும்பத்தைத் தேடிப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். அவர்கள் வீட்டுத் தெரு எனக்குத் தெரியும், இருந்தும் நான் போகவில்லை.

உள்ளேயிருந்து வந்த மச்சான் தினமும் முதல் ரயிலில் பத்து தீகாவுக்குப் போக ஆரம்பித்தார். புல்லறுத்தார், கொட்டகை கழுவினார். பால்காரருக்குக் கால் சேர்ந்தது, ஆனால் ஒரு பக்கம் குட்டையாகிவிட்டது, சைக்கிள் மிதிக்க முடியவில்லை. பால் டின்களைத் தள்ளுவண்டியில் வைத்து மச்சான் தள்ளினார். ரயில்வேயில் கூலி வேலை கிடைக்கும்வரை ஒரு வருடத்துக்குக் குறையாமல் அப்படிச் செய்தார். பால்காரர் மன்னித்தாரா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அதைப் பத்திப் பேசறதில்லை" என்றார் மச்சான்.

ஒருநாள் காலை, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போகும்போது அவர்களைப் பார்த்தேன். மச்சான் குனிந்து வண்டியைத் தள்ள, பால்காரர் கம்பை ஊன்றி ஒரு வீட்டு வாசலில் பால் அளந்துகொண்டிருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் இருந்தவர் நேரமாகிறது என்றார். போய்விட்டேன்.