ஏழாம் நாள் பெட்டி

அடியில் அரிசி மூட்டைகள், அவற்றின் மேல் மாவும் எண்ணெய் டின்களும், எல்லாவற்றுக்கும் உச்சியில் முட்டை அட்டைகள். முட்டைக்கு மேல் எதுவும் வரக்கூடாது. இரண்டு கைகள் பிளாஸ்டிக் சுருளின் நுனியை சுமையைத் தாங்கும் மரத்தட்டான பேலட்டின் கட்டையில் முடிந்தன. பிறகு ஆள் பின்பக்கமாகவே நடந்து சுமையைச் சுற்றிவர, சுருள் கைகளுக்குள் உருண்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் வலது கட்டைவிரல் உறையை அழுத்திப் பார்த்தது. இறுக்கம் கூடினால் முட்டை நொறுங்கும். குறைந்தால், அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலின் கிரேன் தூக்கும்போது மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும். சுமையின் இடுப்பளவு வந்ததும் இடது கை சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புத் துணிப் பட்டையை எடுத்தது. அதைக் கட்டி, அதன்மேல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது.

"எங் அக்கா!" சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்டை ஓட்டி வந்த ஜுமாரி பிரேக் போட்டான். "இதுலயா செவப்பு கட்டுனீங்க?"

கைகள் நின்றன.

"காலைல என்கிட்ட என்ன சொன்னீங்க? சாவுச் சாமான் போற பேலட்டுக்குச் செவப்பு ஆகாது, அந்தத் துணியையே இந்தப் பக்கம் கொண்டுவராதேன்னீங்க. இப்ப நீங்களே கட்டிட்டு நிக்கிறீங்க."

"கை கட்டிடுச்சு" என்றாள் குவெக் சூ எங்.

சிங்கப்பூரின் ஜூரோங்கில், கப்பல்களுக்கு உணவுச் சாமான் அனுப்பும் அந்தக் கிடங்கில் எங் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தாறு. இப்போது ஐம்பத்தெட்டு. இத்தனை வருடத்தில் அவள் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. தெபான் கார்டன்ஸில் அவளுடைய அடுக்கு வீட்டுச் சன்னலிலிருந்து கடல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரியும். அதில் நிற்கும் கப்பல்களில் எது வயிறு நிறைந்து கிடக்கிறது, எது காய்ந்து கிடக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். கப்பலின் கொடி எந்த நாட்டுடையது என்று அவள் கேட்க மாட்டாள். சமையல்காரன் எந்த ஊர் என்றுதான் கேட்பாள். உக்ரேன்காரன் என்றால் பீட்ரூட்டும் புளித்த பாலாடையும். இந்தியர்கள் என்றால் கோதுமை மாவும் பருப்பும், பச்சை மிளகாய் எவ்வளவு அனுப்பினாலும் போதாது. பர்மாக்காரர்கள் என்றால் உலர்ந்த இறால், ஊறவைத்த கடுகுக்கீரை, ஞாப்பி என்கிற மீன் விழுது. அதுவும் பர்மாவின் ஞாப்பியாகவே இருக்க வேண்டும்.

இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது 'சில்வர் டெர்ன்' என்ற சரக்குக் கப்பலின் தலைமைச் சமையல்காரர் ஊ மியா தவுங். ஒருமுறை கிடங்கில் ஞாப்பி தீர்ந்துபோய், அவள் தாய்லாந்து விழுதை அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலமே கைப்பேசியில் அவர் குரல் வந்தது: "தங்கச்சி, ஏன்மா இப்படிப் பண்ணினே? குழம்பை வாயில வச்சுட்டு எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க. மியாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சா, இல்ல கிழவன் செத்து வேற எவனாவது சமைக்கிறானான்னு." அவள் தனியாக நின்று சிரித்தாள். அதன்பிறகு கப்பல் சிங்கப்பூர் பக்கம் வரும்போதெல்லாம் அவர் பேசுவார். உடைந்த ஆங்கிலமும் கொஞ்சம் மலாயும் கலந்த பேச்சு. காய் விலை, முழங்கால் வலி, அவர் ஊர் மழை. நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை.

முந்தாநாள் அந்த எண்ணிலிருந்து வேறு ஒரு குரல் வந்தது. இரண்டாம் சமையல்காரர் தெட் நைங். ஊ மியா கடலிலேயே மாரடைப்பில் போய்விட்டார், உடலை மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஏழாம் நாள். வீடா இருந்தா துறவிங்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவோம். ஏழு நாள் வரைக்கும் ஆவி இங்கயேதான் சுத்தும்க்கா. அன்னிக்குச் சாப்பாடு வச்சு, 'போயிட்டு வாங்க, இனி இங்க உங்களுக்கு வேலை இல்ல'ன்னு சொல்லி அனுப்பணும். சொல்லலேன்னா அவரு பாட்டுக்கு அடுப்பங்கரையிலயே நின்னுட்டிருப்பாரு. பசங்க ராத்திரி தண்ணி குடிக்கக்கூட உள்ள போக மாட்டேங்கிறாங்க."

"என்ன வேணும், சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியும்க்கா. அவருக்கு என்ன பிடிக்கும்னு எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

இன்று வியாழக்கிழமை. சில்வர் டெர்ன் எரிபொருளும் சாமானும் ஏற்றிக்கொள்ள காலையில் வந்து நங்கூரம் போட்டிருந்தது. சாயங்காலம் கிளம்பிவிடும். விட்டால் அடுத்த கரைக்குப் பத்து நாள்.

அவள் விடிந்ததும் பஸ் ஏறி, நகரத்தில் பர்மியக் கடைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போய் வந்திருந்தாள். மொஹிங்கா என்கிற பர்மிய உணவுக்கு மெல்லிய அரிசி நூடுல்ஸ், உறைய வைத்த மீன் குழம்பு, ஊறவைத்த தேயிலை, அதில் கலக்க வறுத்த பூண்டும் சூரியகாந்தி விதையும், தண்ணீர் வைக்க ஒரு சின்ன மண்பானை, மெழுகுவத்தி, ஈரத்துணியில் சுற்றிய பூக்கள். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி, பேலட்டின் உச்சியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மேலே எதுவும் ஏறாத இடம் அது ஒன்றுதான். அந்தப் பெட்டி இருக்கும் பேலட்டுக்குத்தான் அவள் கை பழக்கத்தில் சிவப்பைக் கட்டிவிட்டது.

கடலுக்குப் போகும் ஒவ்வொரு பேலட்டுக்கும் சிவப்புத் துணி கட்டுவது கிடங்கின் வழக்கம். போகிற சாமான் பத்திரமாகப் போக, வாங்குகிறவன் நன்றாக இருக்க. ஆனால் எங் பிறந்த தியோசியூ சீனர் வீடுகளில் இறந்தவருக்கு அனுப்பும் எதிலும் சிவப்பு கலக்க மாட்டார்கள். கலந்தால் அது துக்கம் அல்ல, கொண்டாட்டம்.

"விடுங்கக்கா" என்றான் ஜுமாரி. "பர்மாக்காரங்களுக்கு இது எங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே."

"படகு கிளம்பற நேரம்."

"கத்தியை எடு."

ஜுமாரி முணுமுணுத்தபடி கத்தியைக் கொடுத்தான். அவள் உறையை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் கிழித்தாள். பெட்டியை வெளியே எடுத்தாள். முட்டை அட்டைகளை மறுபடி நேராக்கி, இடைவெளியில் அட்டையை மடித்துச் செருகி, புதிதாகச் சுற்றி, பேலட்டுக்கு மட்டும் சிவப்பைக் கட்டினாள். பெட்டியை வெள்ளைச் சணல் கயிற்றால் தனியாகக் கட்டினாள். ஜுமாரியோடு லாரியில் படகுத்துறைக்குப் போகும்போது அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

பேலட்டுகள் ஒவ்வொன்றாகப் படகில் இறங்கின. படகோட்டி சுவா சிவப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். எழுபதை நெருங்கும் மனிதர், எங்கைப் போலவே தியோசியூக்காரர். பிறகு அவர் கண் அவள் கையிலிருந்த பெட்டிக்குப் போனது.

"அது என்ன, உன் மதியச் சாப்பாடா? எனக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கியா?"

பொய் சொல்லியிருக்கலாம். மீன் விழுது என்றால் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கி வைத்திருப்பார்.

"இல்ல சுவாண்ணே. கப்பல்ல ஒருத்தர் தவறிட்டாரு. ஏழாம் நாள் படையல் சாமான்."

சுவா இரண்டு அடி பின்னால் போனார். "சாப்பாடு ஏத்தற படகுல சாவுச் சாமானா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"இதுவும் சாப்பாடுதான்."

"யாருக்குச் சாப்பாடுங்கிறதுதான் கேள்வி. சரி, ஒரு செவப்பைக் கட்டு. ஏத்திக்கறேன்."

"செத்தவருக்குப் போறதுல செவப்பு கட்டச் சொல்றீங்களே, உங்க வீட்டுல கட்டுவீங்களா?"

"என் வீட்டுல கட்ட மாட்டேன். என் படகுல செவப்பு இல்லாம ஒரு தீப்பெட்டிகூட ஏறாது. ஒருதடவை ஏத்தினேன். பெரிய கப்பலுங்க போற பாதை நடுவுல எஞ்சின் நின்னுச்சு. மலை மாதிரி ஒரு கப்பல் நேரா என் மேல வந்துச்சு. அப்ப எங்க அம்மாவைக் கூப்பிட்டேன் பாரு, அவ செத்து அப்பவே இருபது வருஷம்."

ஜுமாரி சிரித்துவிட்டு, யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான்.

"கட்ட மாட்டேன்" என்றாள் எங்.

"அப்ப ஏத்த மாட்டேன்."

இருவரும் சொன்னது ஒரே வழக்கத்தைத்தான். ஒருவர் விட்டுக்கொடுக்க இதில் இடமே இல்லை. தூரத்தில் எண்ணெய்ப் படகு கப்பலை விட்டு விலகி வந்துகொண்டிருந்தது. எரிபொருள் ஏற்றி முடிந்துவிட்டது. எங் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கீழே வைத்தால் அதோடு முடிந்துவிடும் என்று தோன்றியது.

சுவா படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். குனிந்தபடியே கேட்டார்: "செத்தது யாரு?"

"தலைமைச் சமையல்காரர். ஊ மியா."

அவர் நிமிர்ந்தார். "ஒல்லியா, முன்பல்லு ரெண்டும் இல்லாம?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் எங்க பார்த்தேன்?"

"வாளிக்காரன்" என்றார் சுவா. "சாமான் ஏத்தி முடிஞ்சதும் மேலேருந்து கயித்துல ஒரு வாளி இறக்குவான். உள்ள சூடா சுரைக்காய் பஜ்ஜி. இத்தனை கப்பலுக்குப் போறேன், எவனும் ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல. இவன் மட்டும் நாங்க தின்னு முடிக்கிற வரைக்கும் மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்துட்டே நிப்பான்."

"சுரைக்காய் நான் அனுப்பினது" என்றாள் எங். "எதுக்கு இவ்வளவு சுரைக்காய்னு நினைப்பேன். தின்னது நீங்களா?"

சுவா படகுக்குள் போய் எஞ்சின் அறைப் பக்கம் எதையோ தேடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய சிவப்புத் துணி இருந்தது. எங் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பயப்படாத. அதுக்கு இல்ல." அவர் படகின் முன்முனைக் கட்டையில் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தார். இன்னொரு துண்டைக் கிழித்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, பல்லால் முடிச்சை இறுக்கினார். "செவப்பு உயிரோட இருக்கறவனுக்கு. படகுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவனுக்கு வேணாம்."

எங் பெட்டியை அணைத்திருந்த கையைத் தளர்த்தினாள்.

"கிரேன்ல போடாதீங்கண்ணே" என்றாள் பிறகு. "உள்ள மண்பானை இருக்கு. ஏணிப்படிக்குத் தெட் நைங்னு ஒருத்தர் இறங்கி வருவாரு. அவர் கையில குடுங்க. குழம்பை இன்னிக்கு உறைபெட்டியில வைக்கச் சொல்லுங்க. பூவை அதுல வைக்க வேண்டாம், கருகிடும்."

"சொல்றேன்."

"தேயிலைக்கு வறுத்த பூண்டு தனிப் பொட்டலத்துல இருக்கு. முன்னாடியே கலந்துட வேணாம். அவருக்கு அது மொறுமொறுன்னு இருக்கணும்."

"சொல்றேன்மா."

சுவா படகோரத்தில் தொங்கிய குழாயில் கைகளைக் கழுவினார். சட்டையில் துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். எங் கயிற்றின் முடிச்சைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, குனிந்து, பெட்டியை அந்தக் கைகளில் வைத்தாள்.