அம்மா இறங்கிய ரயில்

ஒசாகா போகும் ரயிலில், அன்று வாங்கிய பொம்மையின் பெட்டியைத் திறந்தேன். விதவிதமாய் உடுத்திய பொம்மைகளைச் சேர்ப்பதற்காகவே வெளிநாடுகளில் ரயிலேறி ஊர் ஊராகப் போகிறவள் நான். புது நைலான் முடியின் வாசம் வந்ததும் விருதுநகர் ஸ்டேஷன் கண்முன் நின்றது.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அம்மா தினமும் பாசஞ்சரில் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வருவாள். ஒரு நாள் அந்தப் பக்கம் வெடி விபத்து என்று சேதி வந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாக் கடையில் வாங்கித் தந்த புதுப் பொம்மை என் கையில் இருந்தது. ரயில் வரும்வரை அதன் முடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பெட்டியிலிருந்து அம்மா இறங்கினாள். கையெல்லாம் வெள்ளிப் பொடி மினுங்கியது.

"எங்க கம்பெனியில இல்லங்க, பக்கத்துக் கம்பெனி" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நாலு பேர் முன்னால் அவளிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசாத அப்பா, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கண்ணைத் துடைத்தபடி, "எல்லாரும் பாக்காக, விடுங்க" என்றாள். வீடுவரை அவர் விடவில்லை.

"புதுசா? இங்கன குடு, பாப்போம்." ஒசாகா ரயிலில், பக்கத்து இருக்கையில் தூங்கி விழித்த அம்மா கை நீட்டினாள். பொம்மையை மடியில் வைத்து, அதன் பாவாடைச் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"அடுத்த தடவை உங்கப்பாவையும் இழுத்துட்டு வந்துருவோம்த்தா."