சூட்டுக் கட்டி என்று நினைத்தோம்

என் வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து வந்து, "கீழ ஏதோ கட்டியாட்டம் இருக்குது" என்றபோது விளக்கெண்ணெய் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். உப்பு வாருகிற ஆண்களுக்கு அந்த இடத்தில் எது வந்தாலும் மரக்காணத்தில் ஒரே பெயர், சூடு. மேலே வெயில், காலடியில் உப்புத் தண்ணீர், வேறென்ன வரும்? தொப்புளில் எண்ணெய் வை, இளநீர் குடி. கூட வேலை செய்பவர்களின் கிண்டல் வேறு: "ஏம்பா, சித்திரைக்கு முன்னாடியே பழுத்துடுச்சா?"

விரைக்கு மேலே, புளியங்கொட்டை அளவில் கெட்டியாக இருந்தது. வலி இல்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அறுத்தெடுத்து, கீமோவும் (புற்றுச் செல்களை அழிக்க ஏற்றும் மருந்து) முடிந்திருந்தது. குடலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்கு யோசனையே போகவில்லை. புதுச்சேரிக்குச் செக்கப்புக்குப் போனபோதும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பெண்ணாம். நான் விடுவேனா?

"மேடம், இவருக்குக் கீழ ஒரு கட்டி இருக்குது. சொல்ல வெக்கப்படுறாரு."

அவர் என்னை முறைத்தார். டாக்டர் திரையை இழுத்துவிட்டு அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சூட்டுக் கட்டிதாங்க" என்றார் இவர்.

"அத நான் சொல்றேன்."

ஸ்கேன் எடுத்தார்கள். தொடை இடுக்கில் கீறி, அந்தப் பக்க விரையை விந்து நாணோடு (விரையை வயிற்றோடு இணைக்கும், ரத்தக்குழாய்கள் அடங்கிய கயிறு போன்ற பகுதி) எடுத்தார்கள். பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

"விரையில ஆரம்பிச்சது இல்லம்மா. குடல்ல இருந்த அதே நோய்தான் இங்க பரவியிருக்குது. இப்படி வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர்.

எனக்கு வந்ததே கோபம்! "லாட்டரி மட்டும் எங்களுக்கு விழமாட்டேங்குது மேடம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"கொணமாயிடுமா?" என்று கேட்டார் இவர்.

"அடக்கி வைக்கப் பாக்கலாம். ஆனா கவனிச்சுக்கிட்டே இருக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யார் பார்த்தால் என்ன என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி கீமோ ஆரம்பித்தது.

புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த ஆண் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த இடத்தில் புதிதாக எது தட்டுப்பட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெயையும் வெட்கத்தையும் தூர வையுங்கள்.

இப்போது கீமோ முடிந்துவிட்டது. மாதம் பிறந்தால் குளித்துவிட்டு வந்து அவரே கூப்பிடுகிறார், "ஏய், வந்து பாரு." கல்யாணமான புதிதில் விளக்கை அணைத்த மனிதர், இப்போது டியூப்லைட்டைப் போடச் சொல்கிறார். கதவைச் சாத்திவிட்டு, தழும்பையும் மிச்சமிருக்கும் பக்கத்தையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். விரல் நிற்கிற இடத்தில் அவர் மூச்சும் நின்றுவிடுகிறது. "ஒண்ணுமில்ல" என்று நான் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அந்த மாதம் பிறக்கிறது.