இருபத்து மூன்று கிலோவும் அறுபத்திரண்டு ரவிக்கைத் துணிகளும்

உத்திரமேரூர் பஜாரில் இருபத்தாறு வருஷமாக ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கும் நான், அடுத்த மாதம் கென்யா, உகாண்டா, தான்சானியா என்று எழுபத்திரண்டு நாள் ஊழியப் பயணம் கிளம்புகிறேன். அங்குள்ள கிராமச் சபைகளில் பெண்களோடு ஜெபிப்பதும், அவர்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. எங்கள் சபையிலிருந்து கடல் தாண்டிப் போகும் முதல் குழு இது. மொத்தம் ஐந்து பேர். பெருமையாக இருக்கிறதா என்று கேட்டால், தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்வேன். அதை ஒளித்து வைக்கத் தெரியாது எனக்கு.

ஆப்பிரிக்காவைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னால் பாலாற்றங்கரையில் நாங்கள் போன இரண்டு நாள் ஒத்திகைப் பயணத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இப்படிக் கிளம்ப நினைப்பவர்கள் கட்டாயம் ஒருமுறை ஒத்திகை போய் வாருங்கள்.

ஒத்திகை எங்கள் பாஸ்டரின் யோசனை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஆனால் கறார். அங்கே பஸ் மாறி மாறிப் போகவேண்டும், தூக்கிவிட ஆள் கிடையாது என்றார். அவரவர் மூட்டையை அவரவரே தூக்கி, தெரியாத வீட்டில் தங்கி, போட்டதைச் சாப்பிட்டுக் காட்டவேண்டும். முடியாதவர்கள் ஊரிலேயே நின்றுவிடலாம். இதைச் சொல்லும்போது மற்ற நால்வரையும் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு, இடது முழங்காலில் வலி. யாரை நிறுத்தப் பார்க்கிறார் என்று புரியாமலா போகும்?

என் மூட்டையைச் சொல்கிறேன். கரண்ட் இல்லாத ஊர்கள் என்பதால் கையால் சுற்றும் தையல் மெஷின், பன்னிரண்டு கிலோ. இட்லிப்பொடி, வடகம், மாங்காய் ஊறுகாய் என ஐந்து கிலோ. புடவைகள் ஆறு கிலோ. நூல், கத்தரிக்கோல், பை. அப்புறம் ரவிக்கைத் துணிகள். வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலை மிதிப்பது நம் வழக்கமில்லை. அதனால் சபைப் பெண்கள் அறுபத்திரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கி, ஜெபித்து மடித்துக் கொடுத்திருந்தார்கள். அது மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் நெல் மண்டித் தராசில் வைத்தேன். எடை போடும் ஏழுமலை, முப்பத்தொன்று நானூறு என்றார். எங்கள் விமான டிக்கெட்டில் அனுமதி இருபத்து மூன்று. பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

காலை 6.10 பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்தான், ஆனால் கண்டக்டர் என் பையை ஒரு பார்வை பார்த்தார். "உனுக்கு டிக்கெட் இல்லம்மா, மூட்டைக்கு கீது" என்று முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். 7.20க்கு ஓரிக்கையில் இறங்கினோம். அங்கிருந்து, பஸ் வந்த பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித் திரும்ப நடந்து, கரையோரக் கிராமம் ஒன்றுக்குப் போகவேண்டும். ஆறு கிலோமீட்டர்.

நாலாவது கிலோமீட்டரில், ஜல்லி கொட்டிய பாதையில், என் பையின் சக்கரம் கழன்று வாய்க்காலில் விழுந்தது. துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் தூக்கினேன். ஒன்பது மணிக்குச் சேரவேண்டியவள் 10.50க்குச் சேர்ந்தேன். வழியில் எத்தனை முறை இறக்கி வைத்தேன் என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் தூக்க வந்தபோது பாஸ்டர் தடுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அன்று நான் ஜெபித்த ஜெபம் எதுவும் செல்லாது.

நாங்கள் தங்கவேண்டிய வீட்டு வாசலில் அவர் மெதுவாகத்தான் சொன்னார். "எஸ்தர் அக்கா, மெஷின் ஊர்லயே இருக்கட்டும். இல்லன்னா நீங்க இருக்க வேண்டி வரும்."

மெஷின் இல்லாத டெய்லர் அங்கே போய் என்ன செய்வாள்? கை தட்டிப் பாடவா? பையை அவர் கண் முன்னாலேயே உள்ளே தூக்கிப்போய் வைத்தேன். முதல் குழுவில் என் பேர் இருக்குமா என்பது அன்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிடும் போலிருந்தது.

எங்களைத் தங்க வைத்தது கன்னியம்மா என்ற விவசாயி வீடு. சபைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பாஸ்டருக்குத் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டிருந்தார். மதியம் கன்னியம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். நான் ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன், பாஸ்டர் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டேன். குழம்பு அவ்வளவு ருசி. ஊறுகாய் இல்லாமல் களி இறங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாங்கள் போகும் நாடுகளிலும் மக்காச்சோள மாவுக் களிதான் சாப்பாடாம்.

சாயங்காலம் கன்னியம்மாவுக்கு ஒரு ரவிக்கைத் துணி கொடுத்தேன். இதுபோல இன்னும் அறுபத்தொன்று ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். அவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க்கா, அந்த ஊரு பொம்பளைங்க பொடவ கட்டிக்கினு ரவிக்க போடுவாங்களா?"

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலு மாதத் தயாரிப்பு, அறுபத்திரண்டு பெண்கள், இத்தனை ஜெபம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கால் நூற்றாண்டு ரவிக்கை தைத்த எனக்கே தோன்றவில்லை. எண்பது சென்டிமீட்டர் துணியில் பெரியவர்களுக்கு வேறு என்ன தைப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் கன்னியம்மாவின் ஒரு வயதுப் பேத்தி தவழ்ந்து வந்து துணியை இழுத்தாள். பார்த்தவுடன் என் கை தானாக அளவெடுத்துவிட்டது. மெஷினை வெளியே எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் கவுன் தயார், துணியில் ஒரு பிசிறு மீதமில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு பெண்கள் வாசலில் நின்றார்கள். பத்தரைக்குள் இன்னும் நாலு கவுன். கடைசிக் கவுனுக்குக் கைப்பிடியைச் சுற்றித் தைத்தது கன்னியம்மாவின் மருமகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல மட்டும் செய்தேன். பாஸ்டர் டம்ளரில் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் வரட்டும்க்கா" என்றார் கடைசியில். "ஆனா இருபத்து மூணுன்னா இருபத்து மூணுதான்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரவிக்கை விஷயத்தைச் சபைப் பெண்களிடம் ஒப்புக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒத்திகையில் செலவான ஐந்து துணிக்குப் பதில் வேறு ஐந்து வந்துவிட்டது.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள், அந்தச் சான்றிதழ் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைக் கேளுங்கள். எந்த விசாவில் ஊழியம் செய்யலாம் என்று உங்களை அழைக்கும் சபையிடம் எழுத்தில் வாங்குங்கள். சக்கரப் பையை நம்பாதீர்கள், தோளில் மாட்டும் பைதான் உதவும். பரிசுப் பொருள் வாங்குவதற்கு முன், அந்த ஊரில் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று ஒருவரிடமாவது கேளுங்கள்.

நேற்று மறுபடி மண்டிக்குப் போனேன், புதுப் பையோடு. ஊறுகாயும் பொடியும் கன்னியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டன. புடவைகளில் மூன்றுதான் வருகின்றன. மெஷினும் அறுபத்திரண்டு துணியும் அப்படியே இருக்கின்றன. பாஸ்டரும் கூட வந்திருந்தார். தராசில் எண்கள் ஏறி, ஆடி, இருபத்து மூன்றில் நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்டர் அங்கேயே, நெல் தூசிக்கு நடுவே, பட்டியலில் என் பேருக்கு நேரே டிக் அடித்தார்.

பையை இறக்கப் போனேன். ஏழுமலை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக் கிண்ணத்தையும் பிரஷையும் எடுத்து வந்தார். புதுப் பையாயிற்றே என்றேன்.

"எந்த ஊரு மூட்டன்னு எழுதாம இங்கேர்ந்து ஒரு மூட்டயும் போனதில்லக்கா" என்றவர், நெல் மூட்டையில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில், சிவப்பு மையில், உத்திரமேரூர் என்று எழுதினார்.