எள்ளில் உருட்டிய சொக்கிலட்

கரம்பொன்னைத் தாண்டி வேலணைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மழை விட்டுவிட்டது. ஆனாலும் என் சேட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டேயிருந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை, மாமி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். செருப்பை எடுக்க மறந்திருந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் வயலில் வெள்ளம் நின்றது. வெள்ளத்துக்கு அப்பால் கூரை போன வீடுகள். ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் நிறுத்தி, "ஆரின்ர பெடியன் நீ? இந்தக் கோலத்திலை எங்கை போறாய்?" என்று கேட்டார்.

"செத்த வீட்டுக்கு" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். எனக்கு அப்போது பதின்மூன்று வயதிருக்கும். என் மச்சானைக் கொன்றுவிட்டு நடக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு நயினாதீவில். அப்பா கோயிலில் பூசை செய்கிற ஐயர் இல்லை, இறந்தவர்களுக்குக் கிரியை செய்கிறவர். தீவுகளில் எங்கே இழவு விழுந்தாலும் தர்ப்பைக்கட்டோடு போவார். விடுமுறை நாட்களில் நானும் போவேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறியதில்லை. ஆனால் பிண்டம் பிடிக்க நன்றாக வந்தது. மாவும் எள்ளும் பிசைந்து, வெடிப்பு விழாமல் உருட்டி, தெற்கே நுனி பார்க்கப் போட்ட வாழையிலையில் கட்டைவிரல் பக்கமாகச் சரித்து வைக்க வேண்டும். உருளும் சத்தமே கேட்காது. அப்பா என்னைப் பாராட்டிய ஒரே விசயம் அதுதான்.

மாமி அப்பாவின் தங்கை. கரம்பொன்னில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகன், என் மச்சான், கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தவர். அங்கே பழகிய சொக்கிலட் உருண்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். மாமி வீட்டுக்குப் பக்கத்தில் வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று இருந்தது. நத்தாருக்கு அவர்கள் கேக் அனுப்புவார்கள். கேக்கில் முட்டை, ஐயர் வீட்டில் அதை வாயில் வைக்க முடியாது. ஆனாலும் வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. மச்சானின் உருண்டைக்கு முட்டையும் வேண்டாம், போறணை அடுப்பும் வேண்டாம். இடித்த பிஸ்கட், டின் பால், கொக்கோ, கொஞ்சம் பட்டர். பிசைந்து உருட்டித் தேங்காய்ப்பூவில் புரட்டினால் சரி. மார்கழி வந்தால் மாமி வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

பிறகு மச்சான் கொழும்பு வேலையை விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்கு என்று படகேறினார். படகு போய்ச் சேர்ந்ததாகவும் செய்தி இல்லை, கவிழ்ந்ததாகவும் இல்லை. மச்சானின் தங்கை, என் மச்சாளுக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள், அண்ணன்காரன் இருக்கிறானா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடுவோம் என்று மாமா தொடங்கினார். மாமி ஒரே பிடியாக மறுத்தார்.

"என்ர பிள்ளைக்கு இந்த வீட்டிலை ஆரும் எள்ளுந் தண்ணியும் இறைக்கேலாது."

அந்த வருசம் நத்தாருக்கு முதல் நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கரம்பொன்னுக்குப் போனார். மாமா விறாந்தையில் பஞ்சாங்கத்தோடு காத்திருந்தார். அவர்கள் காரியத்துக்கு நாள் பார்க்க உட்கார்ந்ததும், மாமி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார்.

"வா மோனை, உருண்டை பிடிப்பம். உன்ர கைக்குத்தான் எல்லாம் ஒரே அளவிலை வரும்."

மாமி அப்போதுதான் குளித்திருந்தார். தலையைத் துவட்டாமல் விட்டிருந்ததால் முதுகுச் சேலை நனைந்து கிடந்தது. மச்சாள் உரலில் பிஸ்கட் இடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயர் வந்திட்டார். உருண்டைக்கு மந்திரமும் சொல்லுவீரோ?"

"சொல்லலாம். தட்சிணை என்ன தருவீர்?"

"நாலு குட்டுத் தருவன்."

மாமி சிரிக்கவில்லை. பிசைந்த மாவை என் முன்னால் வைத்தார். நான் உருட்டத் தொடங்கினேன். இடையிடையே விரலையும் நக்கிக்கொண்டேன்.

"தேங்காய்ப்பூ எங்கை மாமி?"

"தேங்காய் முடிஞ்சுது. இதிலை பிரட்டு."

கழுவி உலர்த்திய கறுத்த எள்ளை ஒரு கோப்பையில் நீட்டினார். வாங்குப் பலகைக்குக் கீழே உரித்த தேங்காய்கள் குவிந்து கிடந்தன. காட்டலாமா என்று நினைத்தேன். மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டேன். எள்ளில் புரட்டியதும் உருண்டை ஒவ்வொன்றும் இன்னும் கறுத்தது. ஒரு தட்டு நிரம்பியதும் மச்சாள் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

மச்சாள் வேலிப் படலையைத் தாண்டும் வரைக்கும் மாமி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நுனி வாழையிலை ஒன்றை நிலத்தில் விரித்தார். நுனி கதவுப் பக்கம் பார்த்தது. அதைத் திருப்பி அடுப்படிப் பக்கமாக வைத்தார். குசினியில் எது தெற்கு என்று நான் யோசிக்கவில்லை.

"இனி மூண்டு பிடி, பெரிசா. உனக்குத் தெரிஞ்ச மாதிரி வை."

என் கை எனக்கு முன்னால் போய்விட்டது. உருட்டியதும் தெரியவில்லை, கட்டைவிரல் பக்கமாகச் சரித்ததும் தெரியவில்லை. மூன்றும் ஒரே வரிசையில் இருந்தன. குசினியில் பால் மணம், கொக்கோ மணம். என் மூக்குக்கு மட்டும் செத்த வீட்டு மணம் வந்தது.

மாமி இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடி மதிலில் வைத்தார். மூன்று நாலு நாள் விடாத மழை, ஊரில் ஒரு பறவைச் சத்தமும் இல்லை. மாமி மெல்லிய குரலில், குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, "கா... கா..." என்றார். பனைக்குள்ளிருந்து ஒரு காகம் வந்தது. ஒன்றே ஒன்றுதான். அது கொத்தவில்லை, கரையவில்லை. மதிலில் இருந்து மாமியைப் பார்த்தது. பிறகு நடுவில் இருந்த உருண்டையை முழுதாகக் கவ்விக்கொண்டு கடற்பக்கமாகப் பறந்தது. மற்ற இரண்டையும் திரும்பியும் பார்க்கவில்லை.

"பசியோடை இருந்திருக்கிறான்" என்றார் மாமி.

அப்பா கால் கழுவக் கிணற்றடிக்கு வந்தது அந்த நேரத்தில்தான். இலையைப் பார்த்தார். அது கிடந்த திசையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"இது ஆர் வைச்சது?"

"உங்கட மகன்தான் அண்ணை. வடிவாப் பிடிக்கிறான், என்ன?"

"தங்கச்சி, விளங்கித்தான் செய்தனியோ? அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இருக்கிறவனுக்கு இப்பிடிச் செய்யலாமோ?"

மாமி பட்டர் பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். உடுத்திருந்த வேட்டியோடு தன் தலையில் ஒரு வாளி ஊற்றினார். பிறகு என்னை இழுத்து என் தலையிலும் ஊற்றினார். சாவுச் செய்தி கேட்ட உறவுக்காரர் அப்படித்தான் குளிப்பது. நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காக அது நடந்ததைப் பார்த்தது அன்றுதான்.

சத்தம் கேட்டு மாமா பின்னால் ஓடிவந்தார். அதே நேரம் மச்சாள் வெறுந்தட்டோடு படலைக்குள் வந்தார். "அம்மா, அங்கை ஒண்டும் மிச்சமில்லை. பிள்ளையள் இன்னும் தரட்டாம். எள்ளுப் போட்டதுதான் நல்லாயிருக்காம்" என்றவர், நனைந்து நின்ற எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அண்ணை செத்துப்போனாரோ?"

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. காலையில் மச்சான் உயிரோடு இருந்தார், அல்லது இருக்கக்கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் உருட்டி வைத்த பிறகு அவர் இல்லை. கணக்குப் பாடத்தில் நான் சரியாகச் செய்த ஒரே கணக்கு அதுதான் என்று நினைத்தேன். விரலில் அந்த இனிப்பு இன்னும் ஒட்டியிருந்தது. பிண்டத்தை நக்கியவனுக்கு என்ன நடக்கும் என்று அப்பா சொல்லித் தந்ததில்லை. வேலியோரமாக வெளியே வந்து நடந்தேன்.

பல வருசங்களுக்குப் பிறகு நான் வவுனியாவில் கல்லுடைத்துக்கொண்டிருந்தபோது மச்சாள் தொலைபேசியில் மிச்சத்தைச் சொன்னார். அவருக்கும் அது பிந்தித்தான் தெரிய வந்ததாம். அந்த மழைக்காலம் தொடங்க முன்னமே மாமிக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. மச்சானோடு படகில் போய்த் தப்பிய ஒருவர். அவர் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறார். மாமி அதை மாமாவுக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தால் நீங்கள் ஆம்பிளையள் எல்லாத்தையும் செய்து முடிச்சிருப்பியள். அம்மா தூர நிண்டு பாத்திருக்க வேணும். அண்ணை பச்சைமா உருண்டையைத் திரும்பியும் பாக்கமாட்டாராம், அதுதான் அவருக்குப் பிடிச்சதைக் குடுத்தவவாம். ஆம்பிளைக் கை ஒண்டு வேணும் எண்டுதான் உன்னைக் கூப்பிட்டவ."

மாமி வீட்டிலிருந்து நடந்து வந்த அன்று இரவு நான் மண்கும்பான் கரையில் ஒரு மீன்பிடி வாடிக்குள் வலைக்குவியலில் படுத்தேன். விடிய நண்டுப் படகுகள் கரைக்கு வந்தன. வாடிக்காரர் என்னை எழுப்பி, ஊர் பேர் எதுவும் கேட்காமல், வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிவிடச் சொன்னார். கால் முறியக்கூடாது, செத்ததைக் கூடையில் போடக்கூடாது, கொம்பனி எடுக்காது என்றார். சம்மணமிட்டு இருந்து தொடங்கினேன். மற்றவர்கள் இரண்டாம் கூடையை நிரப்பும்போதும் என் முதற்கூடை பாதிகூட ஆகவில்லை.

"என்னடா, நண்டோடை கதைச்சுக்கொண்டிருக்கிறியோ?"

"இல்லை அண்ணை. உயிர் இருக்கோ எண்டு பாக்கிறன்."

அவர் சிரித்துவிட்டு அடுத்த வலையையும் என் பக்கம் இழுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் கையில் பிடித்து, அது கால் அசைக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கூடையில் போட்டேன்.