கால் சுற்று

யார் கண்ணயர்ந்தாலும் போகிற போக்கில் குனிந்து, மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பது அவளுடைய பழக்கம். அப்பா ஒரு மதியத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போன வருஷத்தில் அது தொடங்கியது. அம்மா, விருந்தாளி, பேருந்தில் பக்கத்தில் தூங்கி வழியும் முகம் தெரியாத பெண் என்று யாரையும் அவள் விட்டதில்லை. தம்பி மட்டும் கண்ணைத் திறக்காமலே சொல்வான்: "இன்னும் சாகலக்கா. போய் வேலையப் பாரு."

வேலை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். துவைத்து வரும் விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நீராவியில் வெந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். கூட வேலை செய்யும் பெண்கள் ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். தம்பி நேரெதிர். லிப்ட் மெக்கானிக். பழுதாகி நடுவில் நின்ற லிப்டுக்குள் மாட்டியவர்களைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் வெளியே எடுப்பான்.

கடலோர விடுதி ஒன்றில் லிப்ட் பார்க்கப் போன இடத்தில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கக் கற்றுத்தரும் ஸ்கூபா பள்ளிக்காரர்களோடு அவன் ஒட்டிக்கொண்டான். காற்று நிரப்பும் இயந்திரத்தைச் சரிபண்ணிக் கொடுத்தான். அதற்குப் பதிலாக அக்கா, தம்பி இரண்டு பேருக்கும் அடிப்படைப் பயிற்சி கிடைத்தது. அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். "எப்பப் பார்த்தாலும் வெந்நீர்ல கெடக்கிற. ஒரு தடவை குளிர்ந்த தண்ணிக்கு வந்து பாரு" என்று இழுத்துக்கொண்டு போனான். போனவளுக்குப் பிடித்துவிட்டது. தண்ணீருக்கடியில் யாரோடும் பேச வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்து என்ன என்ற பேச்சு வந்தது. பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுநீரில் அசையாமல் நிற்கப் பழகுங்கள், ஆழமெல்லாம் பிறகு என்றார் அவர். அவள் மீட்புப் பயிற்சி கேட்டாள். மூச்சு நின்று கிடப்பவரை மேலே கொண்டுவந்து காப்பாற்றக் கற்றுத்தருவது அது. அதற்கு ஜோடி வேண்டும் என்பதால் தம்பியையும் கூப்பிட்டாள். அவன் ஆழ மூழ்குதல்தான் என்று நின்றான். கீழே பழைய கப்பல் ஒன்று கிடக்கிறது, அதைத் தொட்டுவிட்டு வர வேண்டும்.

"தலைக்கு மேல தண்ணி போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன?" என்றான்.

மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை போலிருக்கிறது. அவள் துணைக்குப் படகில் போனாள்.

காற்றுச் சிலிண்டரின் வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று பின்னால் திருப்பி வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். திருகு இறுகிப்போகாமல் இருக்க அப்படி. தம்பி ஒழுங்காகத்தான் வைத்திருந்தான். குதிப்பதற்கு முன்னால் படகுக்காரர் ஒவ்வொருவரின் வால்வையும் தொட்டுப் பார்ப்பார், அதுவும் வழக்கம்தான். அன்று அலை அதிகம். அவனுக்கு முன்னால் நின்றபடியே தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். எதிர்ப்பக்கம் நின்று திருப்பியதில் திசை மாறிவிட்டது. திறக்கிறோம் என்று நினைத்து முழுக்க மூடினார், பிறகு கால் சுற்று பின்னால் வைத்தார். இரண்டு பேருடைய கவனமும் சேர்ந்து வால்வு அரைகுறையாக நின்றது.

மேலே அந்தக் காற்று போதும். ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் பல மடங்கு வேண்டும். கப்பல் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் இழுத்தால் காற்று வரவில்லை. மாஸ்டர் தன்னுடைய மாற்றுக்குழாயை நீட்டுவதற்குள் தம்பி மிரண்டு மேல்நோக்கிப் பாய்ந்துவிட்டான். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்ததுபோல ரத்தத்தில் குமிழி கட்டி, கால்களுக்குப் போகும் நரம்பைக் கெடுத்துவிட்டது என்று பிறகு டாக்டர் விளக்கினார்.

அவனைப் படகில் தூக்கிப் போட்டபோது அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூக்கருகே புறங்கையை வைத்தாள். மூச்சு இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆக்சிஜன் பெட்டி பலகைக்கடியில் இருந்தது, அவளுக்குத் தெரியாது. படகுக்காரர் அதன் கொக்கியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். முறைப்படி மெல்ல ஏறி மாஸ்டர் வந்து சேரும்வரை அவள் தம்பியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு காலில் பாதி அசைவு திரும்பியது. மற்றதில் திரும்பவில்லை.

படகுக்காரர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. மருத்துவமனைக்கு வந்து கட்டில் ஓரம் நின்று, "மூடியிருக்குன்னு நெனச்சுட்டேன் தம்பி. என் கைதான்" என்றார். தம்பி டம்ளரைத் தூக்கி அவர்மேல் வீசினான். அவர் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"கால் சுற்றுதான்க்கா. ரெண்டு காலையும் சுத்திக் கொண்டுபோயிடுச்சு."

அவனே சிரித்தான். அவளால் முடியவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்து, மாடி ஏற முடியாது என்பதால் கீழ்த்தளத்து முன்னறையில் படுக்கை போட்டாள். அம்மாவும் காலமாகிவிட்டதால் அவனுக்கு ஒத்தாசையெல்லாம் அவள்தான். இப்படியிருக்கையில் ஒரு நாள் மீட்புப் பயிற்சியில் சேரப்போகிறேன் என்றாள். ஜோடி யார் என்று கேட்டான். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பள்ளியில் அப்போது ஆள் இல்லை. வருகிறேன் என்று தானாக முன்வந்தவர் படகுக்காரர் ஒருவர்தான்.

"யாரைக் காப்பாத்தப் போற? காப்பாத்த வேண்டியவன் இங்க உக்காந்திருக்கான்."

அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளோட தண்ணியில இறங்கினா எங்கிட்ட பேசாத. அப்புறம் எனக்கு அக்கா இல்ல."

ஒரு வாரம் போல விரிப்புகளை உருளைக்குள் கொடுத்துக்கொண்டே யோசித்தாள். அவன் பேசாவிட்டால் அவளோடு பேச வேறு ஆளே கிடையாது. ஆனால் தட்டிக்கொண்டே இருந்த அந்தக் கன்னம் கண்முன்னால் வந்து வந்து நின்றது. வேறு எதையும் செய்யத் தெரியாத கையாகத் தன் கை மறுபடி ஒருநாள் இருக்கக் கூடாது. விடுமுறை நாளில் கிளம்பிப் போனாள்.

பயிற்சியில் படகுக்காரர்தான் மயங்கிக் கிடப்பவர். அடியில் கைகால் தளர்ந்து கிடந்தவரைப் பின்னால் இருந்து அணைத்து மேலே கொண்டுவந்தாள். முகவாயைத் தாங்கி, வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். கை கொஞ்சம் தாழ்ந்தால் போதும். அவருக்கும் அது தெரியும் என்று அவளுக்குப் பட்டது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பாரம் முழுவதையும் அவள் கையில் விட்டிருந்தார். அவள் தாழ்த்தவில்லை. நல்ல மனசினால் என்று சொல்ல முடியாது. வெறுப்பு இருந்தது. கை அதன் வேலையைச் செய்தது.

அன்று தேறவில்லை. காரணம் வேறு. கரையை நோக்கி உதவி கேட்டுக் கத்த வேண்டும், அவள் குரல் படகைக்கூட எட்டவில்லை. அடுத்த முறை மாஸ்டர் தூரத்தில் போய் நின்றுகொண்டார். அவள் படகுக்காரரின் முகத்தை ஏந்தியபடி ஆள் வேண்டும் என்று கத்தினாள். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை. நிறுத்து என்று மாஸ்டர் கை காட்டிய பிறகும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தலைமுடி ஈரமாக இருந்தது. தம்பி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தம்பி இப்போது ஊன்றுகோல் பிடித்துக் குளியலறைவரை போய் வருகிறான். அவள் கொடுக்கிற சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறான், பேசுவதில்லை. வேண்டியதைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லி அனுப்புகிறான். அவள் சலவைக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாட்களில் படகில் மீட்பாளராகப் போகிறாள். படகுக்காரரும் அவளும் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அடுத்து என்ன பயிற்சி எடுக்கிறாய் என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். அவள் எதிலும் சேரவில்லை.